கிளிக்காரி வீட்டுப் படுதா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சொகமா? இந்த வெயிலுக்கு மோரு குடிக்கிறீங்களா, இல்ல காப்பியாவே ஊத்திக்கிட்டு இருக்கீங்களா? மூட்டுவலிக்காரவுகளுக்கு இப்பத் தேவலையா? சரி, சாஞ்சு ஒக்காருங்க, ஒரு கதை சொல்றேன். கொஞ்சம் ரத்தம் தெறிக்கிற கதைதான். சின்னப்புள்ளைக பக்கத்துல இருந்தா அங்கிட்டு அனுப்பிட்டுப் படிங்க.

பங்கிராசுன்னு ஒரு பெயிண்டரு. ஆவூருப் பக்கம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவங்க. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து ஐம்பத்தி மூணோ நாலோ இருக்கும், புதுக்கோட்டையில மார்க்கெட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை ஒண்ணு போட்டு அதுலதான் வேலை. வாசல்ல ‘பங்கிராஸ் ஆர்ட் ஸ்டூடியோ’ன்னு போர்டு. உள்ள போனா மூக்கைப் பிடிச்சுக்கணும். வச்சிரம் கொதிக்கும் பாருங்க, அந்த நாத்தம். மாட்டுத் தோலு, எலும்பு காச்சுன பசை அது. கலர்ப்பொடியை அந்தப் பசையில கொழச்சாத்தான் துணியில நிக்கும். கொட்டாங்கச்சி கொட்டாங்கச்சியா மஞ்சளு, நீலம், காவி. நடுவுல கலர் அரைக்கிற கருங்கல்லு ஒண்ணு, ஒரு ஆளு தூக்க முடியாது.

அவரு எழுதுறது நாடகப் படுதா. மேடைக்குப் பின்னாடி பெரிய துணியில படம் தொங்குமே, அதுதான். காடு ஒண்ணு, அரமனை ஒண்ணு, தெரு ஒண்ணு. இந்தத் தெருப் படுதா இருக்கே, அது பொல்லாதது. ராசா ஊரு சுத்த வந்தாலும் அதே தெருதான், பிச்சைக்காரன் பாடிக்கிட்டு வந்தாலும் அதே தெருதான், கூத்தியா வீட்டுக்கு ஒருத்தன் பம்மிப் பம்மிப் போனாலும் அதே தெருதான். அதுக்காகவே அந்தத் தெருவுல ஒரு மச்சு வீடு எழுதி, மாடியில ஒரு பொம்பளையை நிக்க வச்சு, கையில கிளியைக் குடுத்துருவாங்க. கிளியைப் பாத்தாலே சனத்துக்கு வெளங்கிரும், அது தாசி வீடுன்னு. தொழில்ல அது வழக்கம். தெருன்னா மச்சு, மச்சுன்னா கிளி. யோசிக்கவே மாட்டாங்க, கை பாட்டுக்கு எழுதிட்டுப் போகும்.

அங்கதான் வந்துச்சு வெனை.

சீன் செட்டு வாடகைக்கு விடுற ஜமால் முகமது ராவுத்தரு புதுசா ஒரு தெருப் படுதா கேட்டாரு. பங்கிராசு ஒரு வேலையாக் குளத்தூரு போயிருந்தப்ப லாரிக்காரச் சிவசாமி கட்டுன புது மச்சு வீட்டைப் பாத்தாரு. பச்சைத் தூணு, கலர்க் கண்ணாடி சன்னலு, கைப்பிடிச் செவுத்து மேல ரெண்டு சிங்கம். கொத்தனாருக்குச் சிங்கம் வராம ஒண்ணு நாயி மாதிரி காதைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். பங்கிராசுக்கு அந்த வீடு அம்புட்டுப் பிடிச்சுப் போச்சு. அங்கனயே நின்னு பென்சிலால கிறுக்கிக்கிட்டு வந்து, தூணு தூணா, கண்ணாடி கண்ணாடியா, நாய்ச்சிங்கம் மொதக்கொண்டு அச்சு அசலா எழுதிட்டாரு. எழுதி முடிச்சதும் கை பழக்கத்துல மாடியில ஒரு பொம்பளை. நீலச் சீலை. தோளுல கிளி.

அந்தப் படுதா மொத மொத எந்த ஊருக்குப் போச்சுங்குறீங்க? குளத்தூரு திருவிழாவுக்கு!

நாடகக் கோமாளி பபூன் வந்து மச்சைக் கையைக் காட்டி, “இந்த வீடுதாய்யா, ராத்திரிக்கு ஒரு மாப்பிள்ளை”ன்னான். மொதல்ல யாருக்கும் வெளங்கலை. அப்புறம் ஒருத்தன், “ஏய், நாய்ச்சிங்கம்டோய்! சிவசாமி வீடுடோய்!”னு கத்திட்டான். கொட்டகையே விசிலு. மொத வரிசையில நாக்காலி போட்டு ஒக்காந்திருந்த சிவசாமி மூஞ்சி கரியாப் போச்சு. பொம்பளைக பக்கம் ஒக்காந்திருந்த அவன் பொண்டாட்டி இருளாயி தலையைக் குனிஞ்சவதான்.

மறுநாக் காலையில பங்கிராசு கல்லுல காவி அரைச்சுக்கிட்டு இருந்தாரு. வெளிய லாரி வந்து நின்னுச்சு. அந்தக் காலத்து லாரிக்கு முன்னாடி ஒரு இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஹேண்டில்னு சொல்லுவாங்க. அதைக் கையில தூக்கிக்கிட்டுச் சிவசாமி எறங்குறான். பின்னால மாறுகண்ணு டிரைவர் நாகராசு.

“வாங்கய்யா”ன்னு எந்திரிச்சாரு பங்கிராசு. போர்டு எழுத வந்திருக்காகன்னு நெனச்சுக்கிட்டாரு பாவம்.

“என் வீட்டைத் தேவடியா வீடுன்னு எழுத ஒனக்கு எவன்டா சொன்னது?”

“அய்யய்யோ, வேணும்னு செய்யலங்க, தொழில் வழக்கம்ங்க, மச்சுன்னா கிளி...”

சொல்லி முடிக்கலை. கம்பி வந்து தோளுல எறங்குச்சு. விழுந்தவரை மசுரைப் பிடிச்சு இழுத்து, “எந்தக் கைடா எழுதுனது?”ன்னான். பங்கிராசு வலது கையைப் பின்னால ஒளிச்சாரு. அதுவே காட்டிக் குடுத்துருச்சு.

“நாகராசு, பிடிடா அந்தக் கையை. கல்லு மேல வையி.”

நாகராசு மாட்டேன்னு சொல்லலை. மணிக்கட்டைப் பிடிச்சு அரைச்ச காவியிலயே வச்சு அமுக்குனான். அடி எறங்குச்சு. வெரலு நசுங்குற சத்தம் இருக்கே, முருங்கைக்காயை முறிச்ச மாதிரி. காவி எது, ரத்தம் எதுன்னு தெரியலை. வலி தாங்காம பங்கிராசு வாயால கல்லைக் கடிச்சாரு. பல்லு ஒண்ணு பேந்து கலர்ல கெடந்துச்சு. சிவசாமி கம்பியை அவரு சட்டையிலயே தொடச்சுட்டு, கொட்டாங்கச்சியெல்லாம் எத்தி விட்டுட்டு, “படுதாவைக் கொளுத்தச் சொல்லு அந்த ராவுத்தனை”ன்னு லாரியில ஏறிப் போயிட்டான்.

மார்க்கெட்டே வாசல்ல நின்னுச்சுங்க. வெத்தலைக்காரன், டீக்கடைக்காரன், வண்டிக்காரங்க, அத்தனை பேரும் பாத்தாங்க. ஏட்டு வந்து, “யாருய்யா பாத்தது?”ன்னு கேட்டாரு.

“நான் அப்பத்தாங்க மொகம் கழுவப் போனேன்.”

“நான் அங்கிட்டுத் திரும்பி நின்னேங்க.”

“எனக்கு வெயில்ல கண்ணு கூசுமுங்க.”

கேசு அம்புட்டுத்தான். லாரிக்காரனைப் பகைச்சுக்கிட்டு மார்க்கெட்டுல எவன் பொழைக்கிறது?

ஆசுபத்திரியில சுண்டு வெரலையும் மோதிர வெரலையும் எடுத்துட்டாங்க. மிச்ச மூணும் மடங்கி, பருந்து காலு மாதிரி வெறச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்தவரு மனுசனாவே இல்லை. சோத்துத் தட்டைத் தூக்கி எறிவாரு. கலர்ச்சட்டியைச் செவுத்துல அடிப்பாரு. எழுதி வச்சிருந்த காட்டுப் படுதாவைப் பல்லால கடிச்சுக் கிழிச்சாரு. பொண்டாட்டி வியாகுலமேரி ஒரு பக்கம் கூட்டிக்கிட்டே வருவா, இவரு ஒரு பக்கம் ஒடைச்சுக்கிட்டே போவாரு.

ஒருநா அவ, “கஞ்சி ஆறுதுங்க”ன்னு சொன்னது ஒண்ணுதான். எடது கையை ஓங்கி ஒரு அறை விட்டாரு. அவ ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு.

மேரி அழுகலை. ரத்தத்தை முந்தானையில ஒத்திக்கிட்டு அந்த எடது கையையே பாத்தா.

“நல்லாத்தான் எறங்குது. குறி தப்பலை. இந்தக் கையால ஒண்ணுமே ஆகாதுன்னீங்க?”

“மேரி, போயிரு.”

“போறேன். அடிக்கத் தெரிஞ்ச கைக்குக் கோடு இழுக்கவும் தெரியணும். இந்தாங்க.” ஒரு பிரஷ்ஷை எடுத்து அந்தக் கையில திணிச்சா. “இன்னொரு தடவை எம் மேல எறங்குச்சு, அந்தக் கல்லு இன்னமும் அங்கனதான் கெடக்கு, பாத்துக்கங்க. நாகராசு தேவையில்லை, நானே பிடிச்சு வைப்பேன்.”

அதுல இருந்துதான் ஆரம்பிச்சாரு. நீளக் குச்சி நுனியில கரித்துண்டைக் கட்டிச் செவுத்துல இழுக்குறது. எடது கை கோடு போடப் போனா கோழி கிண்டுன மாதிரி போகும். தூணு எழுதுனா வாழைமரம் மாதிரி வளையும். கரித்தூளு தடவுன நூலை இழுத்துப் பிடிச்சுத் தெறிச்சுத்தான் நேர்கோடு போடணும், அதுக்கு ரெண்டு கை வேணும். ஒரு முனையை மேரி பிடிச்சா.

“இன்னும் எறக்கு புள்ள. எறக்குன்னா ஏத்துறியே, ஒனக்குக் கண்ணு பின்னாடிப் பொடதியிலயா இருக்கு?”

“ஆமா, ஒங்களைக் கட்டிக்கிட்டப்பவே அது பொடதிக்குப் போயிருச்சு.”

வச்சிரம் அவதான் காச்சுனா, சாக்கட்டிப் பொடி கலந்து துணிக்கு அவதான் பூசுனா. ஒருநா தவறி விழப்போன கொட்டாங்கச்சியைப் பங்கிராசு அந்தப் பருந்துக்காலு கையால ஏந்துனாரு. செஞ்சு வச்ச மாதிரி உள்ள ஒக்காந்துக்கிச்சு. மூணு வெரலும் மடங்குன மடங்கு அதுக்குன்னே மடங்குன மாதிரி. எழுதுற கைதான் போச்சு, கலர் பிடிக்கிற கையாச்சும் ஆச்சேன்னு அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். காலையில எடது கையில பிரஷ்ஷு. சாயங்காலம் அதே கையில அருவா. கொல்லையில வாழைமரத்தை வெட்டிப் போட்டு, ஒரே போடுல துண்டாகுதான்னு பாப்பாரு. மேரி கேட்டதுக்கு மறைக்கலை. “ஒரு கைக்கு ஒரு கை. அவன் வலது கை எனக்கு வேணும்.”

“வாழைக்கு எலும்பு கெடையாதுங்க. அவனுக்கு இருக்கு.”

“அதுக்குத்தான் பழகுறேன்.”

வருசம் ஒண்ணு ஓடிப் போச்சு. ஜமால் ராவுத்தரு ஒருநா வண்டியில நீளமா ஒரு சுருட்டைக் கொண்டாந்து எறக்குனாரு. அந்தத் தெருப் படுதாதான்!

“கொளுத்திட்டேன்னு சிவசாமிகிட்டச் சொல்லிட்டேன் பங்கிராசு. மனசு வரலைப்பா, கோடவுன்லயே போட்டு வச்சேன். திருவரங்குளத்துல நாடகம் வருது, தெரு சீன் வேற இல்லை. அந்த வீட்டை மட்டும் அழிச்சு வேற வீடா மாத்திக் குடுத்துரு. எடது கையில முடியுமா?”

“முடியும் ராவுத்தரே. மாத்தித் தாரேன்.”

அவரு போனதும் பங்கிராசு கண்ணுல ஒரு வெறி. “மேரி, வீட்டை அழிக்கப் போறதில்லை. அந்தப் பொம்பளையைத்தான் இன்னும் பெருசா எழுதப் போறேன். ஒதட்டுல வெத்தலைக் காவி, மூக்குல அவன் பொண்டாட்டி போடுற எட்டுக்கல்லு மூக்குத்தி. ஊரு ஊருக்குத் தொங்கட்டும் அவன் மானம். அவன் ஓடி வருவான்ல? வரட்டும். அருவா கலர்ப் பெட்டியில இருக்கு.”

மேரி வச்சிரத்தைக் கிண்டிக்கிட்டே இருந்தா.

பொம்பளை மொகத்துக்கு வெள்ளை பூசிக்கிட்டு இருக்கையில வாசல்ல நெழலு தட்டுச்சு. சந்தைக்கு வந்த மாதிரி கூடையோட ஒருத்தி. எட்டுக்கல்லு மூக்குத்தி. வலது கை முழங்கைக்குக் கீழ வேற பக்கம் திரும்பி நிக்குது.

“நான் குளத்தூரு இருளாயிண்ணே. சிவசாமி வீடு.”

பங்கிராசு கை பெட்டிப் பக்கம் போச்சு.

“படுதா எரியலைன்னு வண்டிக்காரன் சொன்னான். யாரும் அறியாம வந்தேன்.” அவ படுதாவை நிமிந்து பாத்தா. நீலச் சீலையைப் பாத்தா. “அன்னிக்கு இங்கன இருந்து நேரா வீட்டுக்கு வந்துச்சுண்ணே எங்க வீட்டு ஆளு. கையில அதே கம்பி. தொடச்சும் போகாம ஒங்க ரத்தம் ஒட்டியிருந்துச்சு அதுல. ‘மாடியில நின்னு எவனைப் பாத்த, நீ நிக்காமயா அவன் எழுதுனான்’னு கேட்டுக் கேட்டு அடிச்சுச்சு. ஒங்களுக்காச்சும் ஆசுபத்திரி. எனக்கு வீட்டுலயே மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாங்க, வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொல்லி.”

மேரி எந்திரிச்சு வந்து அவ கையைப் பிடிச்சுப் பாத்தா. “பாவி, எலும்பைச் சேக்காமயே கட்டியிருக்காளே எவளோ.”

“ஊருல எனக்கு இப்பப் பேரு கிளிக்காரிக்கா. தண்ணிக்குப் போனா கிளிக்காரி, கோயிலுக்குப் போனா கிளிக்காரி.” பங்கிராசுகிட்டத் திரும்புனா. “என்னைய அங்க ஏத்தி நிக்க வச்சது நீங்கதானேண்ணே. எறக்கி விடுங்க.”

அம்புட்டுத்தான் கேட்டா. கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

பங்கிராசு நெடுநேரம் மேரி ஒதட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. அவரு கிழிச்ச எடத்துல தழும்பு ஒண்ணு வெள்ளையா நின்னுச்சு. பொறவு எந்திரிச்சு வெந்நித் துணியை எடுத்தாரு. வச்சிரக் கலரு வெந்நிக்கு எளகிரும். கிளி மொதல்ல போச்சு. அப்புறம் நீலச் சீலை. மொகம், கையி, எல்லாம். மாடி காலியாப் போச்சு. மச்சு வீடும் நாய்ச்சிங்கமும் அப்படியே நின்னுச்சு.

“அப்ப அவனை விட்டுட்டீங்களா?”ன்னா மேரி.

“யாரு சொன்னா? ஏட்டுக்குச் சாச்சிதானே வேணும்? எழுதித் தாரேன்.”

மச்சு வீட்டு வாசல்லயே எழுதுனாரு. கருங்கல்லு ஒண்ணு. அதுல ஒரு கை. கையை அமுக்கிப் பிடிச்சிருக்குற நாகராசு, அந்த மாறுகண்ணோட. கம்பியை ஓங்குற சிவசாமி, மீசையோட, கழுத்து மைனர் செயினோட. சுத்தி நின்னு வானத்தைப் பாக்குற வெத்தலைக்காரன், மொகம் கழுவுற டீக்கடைக்காரன், கண்ணை மூடிக்கிட்டு இருக்குற வண்டிக்காரன். எடது கைக் கோடு நடுங்கித்தான் இருந்துச்சு. அந்த நடுக்கத்துலயே எல்லாம் உசுரோட ஆடுற மாதிரி இருந்துச்சு.

திருவரங்குளத்துல மத்தியானம் போல மேடை கட்டுறாங்க. ராவுத்தரு படுதாவை விரிச்சவரு தலையில கையை வச்சுட்டாரு. “அட பாவி, என்னைய ஊர விட்டுத் தொரத்தவா? வேற வீடா மாத்தச் சொன்னா வேற வெனையா மாத்தியிருக்கியே!”

“வேற சீன் இல்லைல்ல ராவுத்தரே? ஏத்துங்க.”

படுதாவுக்கு மேல்முனையில கனமா ஒரு தேக்கு உருளை இருக்கும். ரெண்டு பக்கமும் கயிறு கட்டி ரெண்டு ஆளு இழுத்தாத்தான் மேல போகும். ஒரு பக்கக் கயித்தைப் பந்தல் போடுற பந்தக்காரன் பிடிச்சான், மறுபக்கம் பங்கிராசு எடது கையில பிடிச்சுக்கிட்டாரு. உருளை தலைக்கு மேல ஏறி நிக்குது. மார்க்கெட்டுல எவனோ படத்தைப் பாத்துட்டு முன்னாடியே சிவசாமிக்குச் சேதி சொல்லிட்டான் போல. லாரி புழுதியைக் கெளப்பிக்கிட்டு வந்து நிக்குது.

சிவசாமி அருவாளோட எறங்குனான். பந்தக்காரன் அதைப் பாத்ததும் தன் கயித்தை மூங்கில்ல ஒரு சுத்துச் சுத்தி விட்டுட்டு ஓடிட்டான். படுதாவை நிமிந்து பாத்த நாகராசு தன் மாறுகண்ணையே பாத்தான்.

“அண்ணே, நான் கையைத்தானேண்ணே பிடிச்சேன். என்னையப் போயி...”

“பொத்துடா!”ன்னு அருவாப் பிடியால அவன் வாயிலயே ஒரு போடு. பல்லு தெறிச்சுச்சு. குறுக்க வந்த ராவுத்தரை ஒரு எத்து, அவரு பெட்ரோமாக்ஸ் மேல போய் விழுந்தாரு. கண்ணாடி அத்தனையும் முதுகுல. ராவுத்தரு ரத்தத்தோட எந்திரிச்சு, “அல்லா, படுதா வாடகைக்கு விட்டதுக்கு என் தோலையும் வாடகைக்கு எடுக்குறானே!”ன்னு கத்துனாரு. சிரிக்க யாரும் இல்லை.

பங்கிராசு கொண்டாந்த கலர்ப் பெட்டி கையெட்டுற தூரத்துல இருந்துச்சு. அருவா அதுக்குள்ள. ஆனா இருக்குற ஒத்தக் கையில கயிறு. பருந்துக்காலு கையால பெட்டியைத் தெறக்க முடியாது.

சிவசாமி மேடையில ஏறி உருளைக்குக் கீழ நின்னு படுதாவை வெட்டுனான். தன் மொகத்தைத்தான் மொதல்ல வெட்டுனான். அப்புறம் கம்பி ஓங்குன கையை. எட்டலைன்னு எக்கி எக்கி வெட்டுனான். ஒரு வெட்டு மூங்கில்ல சுத்தியிருந்த கயித்துல பட்டுருச்சு. மறுபக்கம் அறுந்து, முழுப் பாரமும் பங்கிராசு கைக்கு வந்துச்சு. உருளை சாஞ்சு ஆடுச்சு. சிவசாமி வலது கையைத் தூக்கினபடியே நிமிந்து பாத்தான். மேல உருளை. அங்கிட்டுக் கயித்தோட பங்கிராசு. ரெண்டு பேரு கண்ணும் சந்திச்சுச்சு.

“பெயிண்டரே... பிடிச்சுக்கங்க. நல்லாப் பிடிச்சுக்கங்க”ன்னான் சிவசாமி. மொத தடவையா மருவாதி வந்துச்சு வாயில.

கயிறு போச்சு.

தேக்கு உருளை அந்தக் கையோட சேத்து எறங்குச்சு. மேடைப் பலகைக்கும் உருளைக்கும் நடுவுல முழங்கை மாட்டி நசுங்குச்சு. முருங்கைக்காயை முறிச்ச அதே சத்தம். சிவசாமி போட்ட ஓலத்துல கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்துருச்சு.

ஏட்டு வந்தாரு. பங்கிராசு மொடங்குன கையைக் காட்டுனாரு. “ஒத்தக் கையிங்க. வழுக்கிருச்சுங்க.”

“யாருய்யா பாத்தது?”

“நான் மொகம் கழுவப் போயிருந்தேங்க”ன்னான் பந்தக்காரன்.

“நான் அங்கிட்டுத் திரும்பி நின்னேங்க.”

நாகராசு வாயில துணியை அமுக்கிக்கிட்டு, “எனக்குக் கண்ணு மாறுகண்ணுங்க, சரியாத் தெரியாது”ன்னான்.

குளத்தூருக்கு ஆளு போயி இருளாயிகிட்டச் சொல்லியிருக்காங்க. அவ உலையில அரிசியைப் போட்டுட்டு, “அவரும் வழுக்கி விழுந்துட்டாராக்கும்”னு கேட்டாளாம். அந்த வாரமே குடுமியான்மலையில இருக்குற பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. தடுக்கிறதுக்கு அவன்கிட்டக் கை இல்லை.

அன்னிக்குப் பொழுது சாயுற நேரம். மேரி தேங்காயெண்ணெயை எடுத்துக்கிட்டு வந்து, “கையைக் காட்டுங்க. கயிறு வழுக்குனா உள்ளங்கை உரிஞ்சிருக்கும், எரியும்”னா. பங்கிராசு மூடி வச்சிருந்த எடது கையை அவளே வெரலு வெரலாப் பிரிச்சா.

உள்ளங்கையில ஒரு கீறல் இல்லை. கலர்க்கறைதான் இருந்துச்சு.

அவ அவரு மொகத்தைப் பாத்தா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எண்ணெயை அவ கீழ வைக்கலை. உரியாத கையிலயே நல்லா அழுத்தித் தேச்சு விட்டா.

“படுதா ரெண்டாக் கிழிஞ்சு கெடக்கு. காலையில தச்சு எழுதணும்”னா.

“அவன் மொகத்தை மறுபடி எழுதவா?”

“எழுதுங்க. மாடியில மட்டும் யாரையும் ஏத்தாதீங்க.”

பெட்டியில இருந்த அருவாளைப் பொறவு மேரி தேங்கா ஒடைக்க வச்சுக்கிட்டா. பங்கிராசு எடது கையால எழுதுன அந்தத் தெருப் படுதா அறுபதாம் வருசம் தாண்டியும் ஊரு ஊராத் தொங்குச்சு. பபூனுக்குத்தான் கஷ்டம், எந்த வீட்டைக் கையைக் காட்டுறதுன்னு தெரியாம முழிப்பான்.

கதை இம்புட்டுத்தாங்க. ஒங்க ஊருலயும் இப்படிக் கையோ காலோ போயி, மிச்சம் இருக்குறதை வச்சுத் தொழிலை நிமித்துனவுக இருப்பாகள்ல? அடிபட்டவுக, அடிச்சவுக, மொகம் கழுவப் போனவுக, யாரு கதையா இருந்தாலும் சரி. கீழ எழுதுங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் படிக்கிறேன். பங்கிராசு கயித்தை விட்டது சரியா, தப்பான்னும் எழுதுங்க. மழுப்பாம எழுதுங்க, என்ன?